ட்யூப் ஆம்ப்ல பயஸ் கரண்ட் அளக்க எந்த வழி: கேத்தோடு ரெசிஸ்டரா, டிரான்ஸ்பார்மரா, ப்ரோபா?

வால்வ் ஆம்ப் (ட்யூப் ஆம்ப்னு சொல்றதும் இதத்தான்) வெச்சிருக்கவங்க நாலு பேர் சேந்தா பயஸ் பேச்சு, அதாவது சும்மா நிக்கும்போது வால்வு எவ்ளோ கரண்ட் இழுக்கணும்ங்கற பேச்சு, வராம போகாது, அதுலயும் எப்படி அளந்தா கரெக்டா காட்டும்னு ஒரு சண்டை கட்டாயம் நடக்கும். எனக்கு அந்த கேள்வியே கொஞ்சம் தள்ளி வெக்க வேண்டிய கேள்வின்னு தான் தோணுது. மொதல்ல பாக்க வேண்டியது, ஆம்ப் ஆன்ல இருக்கும்போது உங்க கை எங்க இருக்கும்? அடுத்தது, ரெண்டு மாசம் கழிச்சி திரும்ப அளக்கணும்னா அலுத்துக்காம அளப்பீங்களா? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா எந்த முறைன்னு முக்கால்வாசி முடிவாயிடும், எது ரொம்ப கரெக்ட்ங்கறதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்.

ஏன்னா ஒழுங்கா செஞ்சா ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் நடுவுல வர்ற வித்தியாசம் பெரிசா ஒண்ணும் இல்ல, நம்ம வீட்டு லைன் வோல்டேஜே அத விட அதிகமா ஆடுது. காட்பாடி பக்கம் மே மாசம் சாயந்திரம் எல்லா வீட்லயும் ஏசி ஓடும்போது 210 காட்டுற பிளக்குல நடுராத்திரி பாத்தா 245 கிட்ட நிக்கும். 230ல எச்டி (வால்வோட பிளேட்டுக்கு போற ஹை டென்ஷன் சப்ளை) 440 வோல்ட்டுன்னு வெச்சிக்குங்க, 245ல அது 468 கிட்ட போயிடும். ஃபிக்சட் பயஸ் ஆம்ப்ல (கரண்ட்ட அடக்க வால்வோட கிரிட்டுக்கு தனியா ஒரு நெகட்டிவ் வோல்டேஜ் குடுக்கற வகை) கிரிட்டுக்கு போற நெகட்டிவும் அதே பவர் டிரான்ஸ்பார்மர்ல இருந்து வர்றதால அதுவும் கூடவே ஏறி கொஞ்சம் ஈடு கட்டும், ஆனா முழுசா கட்டாது, யாராவது புத்திசாலி ஜீனர் போட்டு நெகட்டிவ நிறுத்தி வெச்சிருந்தா அந்த ஈடும் கிடையாது. அதனால எந்த முறையில அளந்தாலும் சரி, ரீடிங் எழுதுற நோட்டுல பக்கத்துலயே அந்த நேரத்து லைன் வோல்டேஜயும் எழுதி வெச்சிடுங்க, இது இல்லாத ரீடிங்க வெச்சி ஒண்ணுமே சொல்ல முடியாது.

அளக்க வேண்டியது இன்னான்னு ஒரு வார்த்தை. சிக்னல் எதுவும் இல்லாம சும்மா நிக்கும்போது ஒவ்வொரு அவுட்புட் வால்வும் எவ்ளோ கரண்ட் இழுக்குதுங்கறது தான் பயஸ் கரண்ட். கிரிட் நெகட்டிவ் வோல்டேஜ மட்டும் அளந்துட்டு முடிஞ்சதுன்னு விடறவங்க இருக்காங்க, அது ஆகாது, அதே மைனஸ் 36 வோல்ட்டுக்கு ஒரு ஈஎல்34 வால்வு 32 மில்லி ஆம்ப் இழுக்கும், பக்கத்துல இருக்கறது 45 இழுக்கும், வால்வுன்னா அப்படித்தான். பிளேட் தாங்குற வாட்ஸ் ஈஎல்34க்கு 25, 6எல்6ஜிசிக்கு 30, ஈஎல்84க்கு 12. ஃபிக்சட் பயஸ் க்ளாஸ் ஏபி ஆம்ப்ல அதுல 70 சதவீதம் தாண்டாம வெக்கறது வழக்கம், அதாவது 440 வோல்ட் பிளேட்ல ஈஎல்34ன்னா 17.5 வாட்ஸ வகுத்தா 40 மில்லி ஆம்ப் கிட்ட, 6எல்6ஜிசின்னா 47 கிட்ட. 70ங்கறது அதுக்கு மேல போகாதேன்னு சொல்ற எல்லை தான், அங்கதான் வெக்கணும்னு இல்ல. வீட்ல பாட்டு கேக்கற ஆம்ப்ல நான் 60 பக்கம் தான் வெப்பேன், இன்னிக்கி வால்வ் விக்கிற விலைக்கு அந்த பத்து சதவீத சூட்ட கொடுத்து வாங்கற சத்தம் என் காதுக்கு தெரியல.

சரி, முறைக்கு வருவோம். எனக்கு புடிச்சத மறைக்காம மொதல்லயே சொல்லிடறேன், கேத்தோடு ரெசிஸ்டர். கேத்தோடுன்னா வால்வுல போற கரண்ட் வெளிய வர்ற முனை, அந்த பின்னுல இருந்து நேரா சேசிக்கு போற வயர எடுத்துட்டு நடுவுல ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டு, அதுக்கு மேல வர்ற வோல்டேஜ அளக்கறது. ஒரு ஓம் போட்டா ஒரு மில்லி வோல்ட்டுன்னா ஒரு மில்லி ஆம்ப், கணக்கே வேணாம். இதுல எல்லாரும் ஒரு ஓமுன்னு தான் சொல்லுவாங்க, நான் 10 ஓம் தான் போடுவேன், காரணம் இருக்கு. ஒரு ஓம் ரெசிஸ்டர் நிஜமா ஒரு ஓம் தானான்னு சாதாரண மல்டிமீட்டர்ல பாக்கவே முடியாது, மீட்டர் வயரோட ரெசிஸ்டன்ஸே அரை ஓம் வரைக்கும் காட்டும், அப்போ கடைக்காரர் குடுத்தத நம்பித்தான் ஆகணும். 10 ஓமுன்னா அந்த தப்பு சின்னதாயிடும், ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் வாங்கி, ரெண்டு ப்ரோபையும் ஒட்ட வெச்சி வர்ற ரீடிங்க கழிச்சிட்டு பாத்தாலே போதும். 40 மில்லி ஆம்ப்புக்கு 400 மில்லி வோல்ட் வரும், மலிவு மீட்டர்ல கூட 2 வோல்ட் ரேஞ்சுல சுத்தமா படிக்கலாம். அந்த 0.4 வோல்ட்டால பயஸ் மாறாதான்னு கேப்பாங்க, மைனஸ் 36ல 0.4 ஒரு பொருட்டே இல்ல. அதோட வால்வ் உள்ள ஷார்ட் ஆகி அரை ஆம்பியர் இழுத்துச்சுன்னா 10 ஓமுல ரெண்டரை வாட்ஸ் விழும், அரை வாட் ரெசிஸ்டர் கருகி தன்ன பலி குடுத்து அவுட்புட் டிரான்ஸ்பார்மர காப்பாத்த ஒரு வாய்ப்பு இருக்கு, ஒரு ஓமுன்னா அதே கரண்ட்டுக்கு கால் வாட் தான், அது பாட்டுக்கு உக்காந்து வேடிக்க பாக்கும். ஆனா ஒண்ணு, அப்படி கருகி ஓபன் ஆயிட்டா அந்த டெஸ்ட் பாயிண்ட்ல மில்லி வோல்ட் இல்ல, நெஜமாவே அடிக்கற வோல்டேஜ் வரலாம், எப்பவும் அங்க மில்லி வோல்ட் தானேன்னு வெரல் வெக்காதீங்க.

சோல்டர் பண்ணும்போது ஈஎல்34ல ஒரு எடம் கவனிக்கணும். கேத்தோடு 8ம் பின், சப்ரெசர் கிரிட் 1ம் பின், ரெண்டையும் ஒண்ணா சேத்து அதுக்கு அப்பால தான் ரெசிஸ்டர் வழியா சேசிக்கு விடணும். 6எல்6க்கு போட்ட பழைய சேசில 1ம் பின்ன சும்மா இருக்குதேன்னு வேற ஏதாவது வயருக்கு முட்டு குடுத்து வெச்சிருப்பாங்க, அத பாக்காம ஈஎல்34 சொருகுனா வம்பு. ரெசிஸ்டர் போட்டதும் அதோட மேல் முனைல இருந்து ஒரு வயர் இழுத்து பின் பக்கம் ஒரு சின்ன பனானா சாக்கெட் வெச்சிடுங்க, நாலு வால்வுக்கு நாலு, கிரவுண்டுக்கு ஒரு கருப்பு. இவ்ளோ தான். இதுக்கு அப்பால அளக்கறதுக்கு ஆம்ப கவுக்க வேணாம், தட்ட கழட்ட வேணாம், உள்ள கை விட வேணாம்.

இந்த வசதிய லேசா நெனைக்காதீங்க, இந்த முறைய நான் தூக்கி புடிக்கறதே இதுக்கு தான். பயஸ் அளக்கறது செட் பண்ற அன்னிக்கி ஒரு நாள் வேலை இல்ல. ஆன் பண்ணி மீட்டர மாட்டி பாத்துகினே இருந்தீங்கன்னா, 10 ஓமுல 200, 280, 330ன்னு மெதுவா ஏறும், ஒரு இருவது நிமிஷத்துல 375, 380ன்னு வந்து ரெண்டு மூணு மில்லி வோல்ட் முன்ன பின்ன ஆடிகினு அங்கயே நிக்கும், அது நல்ல வால்வு. நிக்காம 400, 430, 470ன்னு அரை மணி நேரம் கழிச்சியும் ஏறிகினே இருந்தா உடனே பாட் (பயஸ ஏத்தி எறக்கற திருகு ரெசிஸ்டர்) திருகி கீழ எறக்கணும்னு கை துடிக்கும், எறக்காதீங்க. ஒண்ணு கப்ளிங் கெப்பாசிட்டர் (முன்னாடி ஸ்டேஜ்ல இருந்து சிக்னல மட்டும் கிரிட்டுக்கு விடறது) லீக் ஆகுது, இல்ல வால்வுக்குள்ள கேஸ் வந்து கிரிட்ல கரண்ட் ஓடுது. ரெண்டுல எதுன்னு பிரிக்கறது சுலபம்: கிரிட் லீக் ரெசிஸ்டரோட (கிரிட்டுக்கு நெகட்டிவ கொண்டு போறது) ரெண்டு முனைக்கும் நடுவுல டிசி வருதான்னு பாருங்க, வரக்கூடாது. வந்தா, ஆஃப் பண்ணி அந்த வால்வ உருவிட்டு திரும்ப ஆன் பண்ணி பாருங்க, அப்பவும் வோல்டேஜ் இருந்தா கெப்பாசிட்டர் தான் திருடன், வால்வோட சேந்து அதுவும் போயிட்டா வால்வு தான். பழைய பேப்பர் கெப்பாசிட்டர் போட்ட செட்டுங்க நம்ம வெயில்ல பல வருஷம் மச்சுல கெடந்து வந்திருக்கும், அதுல இத பாக்காம பயஸ் செட் பண்றது வீண் வேலை. இதெல்லாம் அடிக்கடி அளக்கறவன் கண்ணுக்கு தான் மாட்டும், அளக்கறது கஷ்டமா இருந்தா யாரும் அடிக்கடி அளக்க மாட்டாங்க.

இதுக்கு குறை இல்லையான்னா இருக்கு. கேத்தோடுல வர்றது பிளேட் கரண்ட் மட்டும் இல்ல, ஸ்கிரீன் (வால்வுக்குள்ள பிளேட்டுக்கு முன்னாடி இருக்கற இன்னொரு கிரிட்) கரண்டும் சேந்து தான் வரும். ஈஎல்34 ஸ்கிரீன் நல்லாவே இழுக்கும், டேட்டா ஷீட்ல 250 வோல்ட்டுக்கு பிளேட் 100 மில்லி ஆம்ப், ஸ்கிரீன் 15ன்னு போட்டிருப்பாங்க. அதே கணக்குல, கேத்தோடுல 42 காட்டுனா பிளேட்டுக்கு 36.5 தான் சேரும், 440 வோல்ட்டுக்கு 16 வாட்ஸ், அதாவது 64 சதவீதம். ஸ்கிரீன கழிக்காம கணக்கு போட்டவரு 18.5 வாட்ஸ், 74 சதவீதம்னு நெனச்சிகினு கீழ எறக்குவாரு. எறக்கட்டும், வால்வு தேயறது கொறையும், தப்பு நல்ல பக்கமா விழுது. 6எல்6ஜிசில ஸ்கிரீன் கரண்ட் ரொம்ப கம்மி, அத பத்தி யோசிக்கவே வேணாம்.

உண்மையான குறை வேற: எல்லா ஆம்ப்லயும் சோல்டர் இரும்ப வெக்க முடியாது. வால்வ் சாக்கெட்ட நேரா பிசிபில பதிச்சிருந்தா ட்ராக்க வெட்டணும். இல்ல யாரோ ஒருத்தரோட பழைய செட்டு, ஒரு ஸ்க்ரூ மாறக்கூடாதுன்னு சொல்லி குடுத்திருப்பாங்க. பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வோட அப்படியே ஒரிஜினலா இருக்கற செட்டுங்க இன்னும் வந்துகினு தான் இருக்கு (நம்ம ராணிப்பேட்டை பெல் இல்லீங்க, அவங்க பாய்லர் வேலை), அதுல நான் கை வெக்க மாட்டேன்.

அதுக்கு தான் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் முறை. டிரான்ஸ்பார்மர் பிரைமரி காப்பர் வயர் தானே, அதுக்குன்னு ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கு, அதையே ரெசிஸ்டரா வெச்சிக்கறது. ஆஃப் பண்ணி, ஃபில்டர் கெப்பாசிட்டர ஒரு 10 கே 5 வாட் ரெசிஸ்டர் வெச்சி காலி பண்ணி, காலியாச்சான்னு மீட்டர்ல பாத்துட்டு, சென்டர் டேப்ல (பிரைமரிக்கு நடுவுல எச்டி வந்து சேர்ற முனை) இருந்து ஒவ்வொரு பிளேட்டுக்கும் எவ்ளோ ஓம்னு எழுதிக்குங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது, ஒரு பக்கம் 82ன்னா இன்னொரு பக்கம் 88 வரும், வெளிச்சுத்துக்கு வயர் நீளம் அதிகம், பயப்படாதீங்க. அப்பால ஆன் பண்ணி அதே ரெண்டு முனைக்கு நடுவுல எவ்ளோ வோல்ட் விழுதுன்னு பாத்து வகுக்கணும், 82 ஓமுல 3.1 வோல்ட் விழுந்தா 37.8 மில்லி ஆம்ப். இது சுத்தமா பிளேட் கரண்ட், ஸ்கிரீன் கழிக்கற தொல்லையே இல்ல, ஒரு பைசா செலவு இல்ல, செட்டுல எதையும் மாத்தல.

ஆனா காப்பர் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். காலைல 30 டிகிரில அளந்த 82 ஓம், ஆம்ப் ரெண்டு மணி நேரம் ஓடி டிரான்ஸ்பார்மர் 55 டிகிரிக்கு வந்தா 90 ஆயிடும், அப்போ நீங்க 37.8னு நெனைக்கறது நெஜத்துல 34.4 தான். இதுவும் நல்ல பக்கமா விழற தப்பு தான்னாலும் பத்து சதவீதம்ங்கறது கொஞ்சம் ஓவர், நம்ம ஊர் ஏப்ரல், மே வெயில்ல டிரான்ஸ்பார்மர் ஆறவும் நேரம் எடுக்கும். அதனால சூடா இருக்கும்போதே ஆஃப் பண்ணி, கெப்பாசிட்டர காலி பண்ணி, ஒடனே ஓம திரும்ப ஒரு தடவ அளந்துடுங்க, அந்த நம்பர வெச்சி வகுங்க.

இந்த முறையில கை எங்க இருக்குதுன்னு பாருங்க. மீட்டர் 3 வோல்ட் தான் காட்டுது, ஆனா ரெண்டு முனையும் சேசில இருந்து பாத்தா 440 வோல்ட்ல நிக்குது, மீட்டரே அந்த ஒயரத்துல மெதக்குது. ப்ரோப் முனைய கைல புடிச்சி பிளேட் பின்னுல குத்தற வேலை வேணவே வேணாம். ஆஃப்ல இருக்கும்போது க்ளிப் மாட்டி, மீட்டர மேசை மேல வெச்சி, கைய எடுத்துட்டு ஆன் பண்ணி, படிச்சி, ஆஃப் பண்ணி, காலி பண்ணி, க்ளிப்ப கழட்டுங்க. மீட்டரும் வயரும் 600 வோல்ட்டாவது தாங்கறதா இருக்கணும். ஸ்பீக்கரோ 8 ஓம் டம்மி லோடோ கட்டாயம் மாட்டி இருக்கணும், இது எல்லா முறைக்கும் பொருந்தும். பொறுமை இருக்கறவங்களுக்கு இது நல்ல முறை, அவசரக்காரங்களுக்கு ஆகாது.

இதோட சொந்தக்கார முறை ஒண்ணு இருக்கு, மீட்டர மில்லி ஆம்ப்ல வெச்சி சென்டர் டேப்புக்கும் பிளேட்டுக்கும் குறுக்க நேரா மாட்டறது. மீட்டர் ரெசிஸ்டன்ஸ் ரெண்டு மூணு ஓம், டிரான்ஸ்பார்மர் பாதி 80 ஓம், அதனால கரண்ட் முக்கால்வாசிக்கும் மேல மீட்டர் வழியா ஓடி நேரா நம்பர் காட்டிடும். வகுக்கவே வேணாம்ங்கறதால பழைய ஆளுங்களுக்கு இது ரொம்ப புடிக்கும். ஆற்காட்டுல மைக்செட் வெச்சிருந்த பெரியவர் ஒருத்தர், நான் க்ளிப் மாட்டறத பாத்துட்டு, "இன்னாத்துக்கு நைனா இவ்ளோ வேல, ரெண்டு குச்சிய வெச்சி ஒரு நிமிஷத்துல பாத்துட்டு போவியா"ன்னாரு. "ஒரு நிமிஷம் தான் பெரியப்பா, அந்த நிமிஷத்துல கை வழுக்குனா?"ன்னு கேட்டேன். "அதுக்கு தான் எடது கைய பாக்கெட்ல போட்டுக்கணும், எங்க வாத்தியார் அப்டித்தான் சொல்லி குடுத்தாரு"ன்னாரு. வாத்தியார் சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஆனா ரெண்டு ப்ரோபயும் புடிக்க ரெண்டு கை வேணுமே, பாக்கெட்டுக்கு எந்த கைய அனுப்பறது? இதுல ப்ரோப் வழுக்கி சேசில பட்டா 440 வோல்ட்டும் ரெண்டு ஓம் வழியா நேரா கிரவுண்டுக்கு போகும், மலிவு மீட்டர்ல இருக்கற கண்ணாடி ஃப்யூஸ் அதுக்கு செஞ்சதே இல்ல. அதோட மில்லி ஆம்ப்ல வெச்ச மீட்டர மறந்துட்டு அடுத்து பிளேட் வோல்டேஜ் பாக்க அப்படியே வெச்சீங்கன்னா அதுவும் ஷார்ட் தான். சில ஆம்ப் இத மாட்டுன ஒடனே ஆசிலேட் ஆகி (சிக்னல் இல்லாமயே தானா அலை கெளப்பி) தப்பு ரீடிங் வேற காட்டும். ஓம வகுக்கற முறை இருக்கும்போது இத செய்ய ஒரு காரணம் கூட எனக்கு தெரியல.

பயஸ் ப்ரோப் இன்னொரு வழி. வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல ஒரு அடாப்டர், அதுக்குள்ளயே கேத்தோடுல ஒரு ஓம், ரெண்டு வயர் வெளிய வந்து மீட்டர்ல சொருகிடும். சோல்டர் இல்ல, சேசிய கவுக்க வேணாம், கை முழுக்க வெளியதான். சர்ச்சுல, காலேஜ் பேண்டுல கிடார் வாசிக்கற பசங்க ட்யூப் ஆம்ப் வெச்சிருப்பாங்க, பிசிபி சாக்கெட்டா இருக்கும், வால்வு மாத்தறதும் அடிக்கடி நடக்கும், அவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன். ஆனா வெளிநாட்ல இருந்து வரவழைச்சா கஸ்டம்ஸோட சேத்து ஆயிரக்கணக்குல ஆவும், ஒரே ஒரு ஆம்ப் வெச்சிருக்கற ஆளுக்கு இது தண்டம், ரெசிஸ்டர் சில ரூபா தான். கையால செய்யலாம், செத்துப்போன ஆக்டல் (எட்டு பின்) வால்வோட பேக்கலைட் அடிய மட்டும் கண்ணாடி இல்லாம பக்குவமா கழட்டி, மேல ஒரு செராமிக் சாக்கெட் வெச்சி பின்னுக்கு பின் வயர் இழுத்து, 8ம் பின்னுல ஒண்டி ரெசிஸ்டர் வெச்சா ஆச்சு. சாக்கெட் இங்க கெடைக்கலன்னா காட்பாடில ரயிலேறி சென்ட்ரல்ல எறங்குனா ரிச்சி ஸ்ட்ரீட் கிட்ட தான். வாங்கறதா இருந்தா ரெண்டு விஷயம் பாருங்க. சில மாடல் பிளேட் வோல்டேஜயும் தனி வயர்ல நேரா வெளிய கொண்டு வரும், அந்த பனானா முனைல முழு எச்டி நிக்கும், அது வேணாம், உள்ளயே டிவைடர் வெச்சி கொறச்சி குடுக்கறத வாங்குங்க. இன்னொண்ணு, கிரிட் வயர் நீளமாறதால சில ஆம்ப் காதுக்கு கேக்காத ஃப்ரீக்வென்சில ஆசிலேட் ஆகும், அப்போ ரீடிங் திடீர்னு எகிறி நிக்கும், ப்ரோப எடுத்தா சரியாயிடும், அந்த ஆம்புக்கு ப்ரோப் ஒத்து வரலன்னு விட்டுடணும்.

ஸ்கோப்ல க்ராஸ்ஓவர் நாட்ச் (ஒரு வால்வு விட்டு இன்னொண்ணு எடுக்கற எடத்துல அலையில தெரியற வெட்டு) மறையற வரைக்கும் பயஸ ஏத்தறதுன்னு ஒண்ணு சொல்லுவாங்க, அதுல கரண்ட் எவ்ளோன்னே தெரியாது, பாதி பேர் தேவைக்கு மேல ஏத்தி வெச்சிடுவாங்க. லைட்ட அணச்சிட்டு பிளேட் செவக்குதான்னு பாக்கறதும் அளவு இல்ல, வீடு பத்திகினப்புறம் பொக வாசன புடிக்கற கதை, செவந்தா ஒடனே ஆஃப் பண்ணணும், அவ்ளோதான் அதுக்கு பயன்.

கடைசியா செல்ஃப் பயஸ் செட்டு. பழைய ரேடியோகிராம்லயும் சின்ன ஈஎல்84 ஆம்ப்லயும் கேத்தோடுல ஏற்கனவே ரெசிஸ்டர் இருக்கும், பயஸ குடுக்கறதே அதுதான், அதுக்கு இந்த மேல சொன்ன எதுவும் தேவையில்ல, அந்த ரெசிஸ்டர் மேல வோல்டேஜ் பாத்து வகுத்தா முடிஞ்சது, திருக பாட்டும் கிடையாது. ரெசிஸ்டரோட மதிப்ப ஆஃப்ல அளந்துக்குங்க, மேல போட்டிருக்கற கலர் கோட நம்பாதீங்க, சூட்டுல பல வருஷம் வெந்து மாறி இருக்கும். ரெண்டு வால்வும் ஒரே ரெசிஸ்டர பங்கு போட்டுகினா தான் சிக்கல்: 130 ஓமுல 10.4 வோல்ட் வந்தா 80 மில்லி ஆம்ப், தலைக்கு 40ன்னு சந்தோஷமா எழுதிக்குவோம், ஒண்ணு 52ம் இன்னொண்ணு 28ம் இழுத்தா கூட மீட்டர் அதே 10.4 தான் காட்டும். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல 310 வோல்ட்டுன்னா, ஸ்கிரீனுக்கு ஒரு 4 போக 36 இழுக்கற ஈஎல்84 11 வாட்ஸ் சொச்சத்துல 12க்குள்ள தப்பிக்கும், 52 இழுக்கறது எப்பவோ தாண்டிடுச்சு. அதனால பங்கு ரெசிஸ்டர் செட்டுல ஒரு தடவயாவது டிரான்ஸ்பார்மர் முறைல ரெண்டு பக்கத்தயும் தனித்தனியா பாத்துடுங்க, ப்ரோப்ல பாக்கணும்னா ஈஎல்84க்கு ஒம்பது பின் அடாப்டர் தனியா வேணும், ஆக்டல் அதுல ஏறாது.